ஐந்து ஓட்டையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் ஒரு அண்ணன், விலை கூடின ரவையாலும் மலிவு ரவையாலும் (ரவை என்றால் துவக்கில் போடுகிற தோட்டா) ஐந்தைந்து சூடு சுட்ட இரண்டு இலக்கு அட்டைகளைப் படம் பிடித்துப் போட்டு, மலிவு ரவை குப்பை என்று எழுதியிருக்கிறார். அது யாருடைய பதிவு என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். பெயர் போடவில்லை, போடவும் மாட்டேன். அவரும் வாசிப்பார், வாசிக்கட்டும். அந்த இரண்டு அட்டைப் படத்துக்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களும் வாசிக்கட்டும். பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

ஐந்து சூட்டை வைத்து ஒரு ரவையின் தரத்தைச் சொல்ல முடியாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மிச்சம் எல்லாம் கோபம்.

இடது பக்கம் விலை கூடின மேட்ச் ரவை, ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய்க் குத்திக்குள். வலது பக்கம் கிளப் மொத்தமாக எடுத்து எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கிற மலிவு ரவை, நாலு கிட்டக் கிட்ட, ஒன்று மட்டும் தனியே ஏழு மணிப் பக்கம். மேலே 'காசுக்கேற்ற தோசை, ஏழைக்கேற்ற குரூப்' என்று தலைப்பு (அட்டையில் ஓட்டைகள் விழுகிற கூட்டத்தைத்தான் குரூப் என்கிறோம்). அண்ணனுக்கு எழுத்து நல்லாய் வரும், அதை யாரும் மறுக்கவில்லை.

அண்ணே, அன்றைக்குப் பக்கத்து லேனில் இருந்தது நான்தான். தனியே போன அந்த ஒன்று எத்தனையாவது சூடு என்று நீங்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்: முதலாவது. விலை கூடின பெட்டியை முடித்த கையோடு மலிவுப் பெட்டியைத் திறந்து, ஒரு சூடு கூட மண்மேட்டுக்கு விடாமல், நேரே அட்டைக்குச் சுட்டீர்கள். நாங்கள் சுடுகிற பொயின்ற் டூ டூ (.22) ரவையில் சன்னத்தின், அதாவது குழலை விட்டுப் பறந்து போகிற ஈயத் துண்டின், மேலே மெழுகோ கிறீஸோ பூசியிருப்பார்கள். கையில் எடுத்தால் பெருவிரலில் சாம்பல் நிறத்தில் ஒட்டும், மெழுகுதிரி வாசம் வரும். ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு பூச்சு. குழலுக்குள்ளே ஒரு பூச்சு படிந்து கிடக்கும்போது வேறு ரவையைப் போட்டால் முதல் சில சூடுகள் சிதறத்தான் செய்யும், பத்துப் பதினைந்து சூடாவது போன பிறகுதான் குழல் புதுசுக்குப் பழகும். இதை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான் அண்ணே! கிளப்புக்கு வந்த புதிதில், அதே பெஞ்சில் வைத்து.

சரி, முதல் சூட்டை விடுவோம். ஐந்துமே ஒழுங்காகப் போயிருந்தாலும் ஐந்து ஐந்துதான். அதே துவக்கு, அதே ரவை, அதே ஆள் ஐந்துக்குப் பதில் பத்துச் சுட்டால் குரூப் சராசரியாகக் கால்வாசி பெரிதாகும். ரவை கெட்டுப்போனதால் அல்ல, சுடச் சுட ஓரத்தில் விழுகிற ஒன்று எப்போதாவது வந்தே தீரும் என்பதால். மூன்று சூட்டுக் குரூப்பைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் பத்துச் சுட்டால் அது ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். அதனால்தான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். படம் வடிவாக இருக்கும்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று ஒருவர் கீழே வந்து தத்துவம் சொல்லியிருந்தார். பானை ஒன்றென்றால் சரி ஐயா. ரவைப் பெட்டியின் மடிப்பில் ஒரு லொட் நம்பர், அதாவது தயாரிப்புத் தொகுதியின் இலக்கம், அடித்திருக்கிறதே, அது மாறினால் பானையே மாறிவிட்டது. அதே கொம்பனி, அதே பெயர், அதே நிறப் பெட்டி, ஆனால் வெடிமருந்து வேறு தொகுதி, ஈயம் வேறு தொகுதி. போன வருடம் நல்லாய்ப் போன ரவை இந்த வருடம் சரியில்லை என்று புலம்புகிறவர்களில் எத்தனை பேர் அந்த நம்பரைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்? அண்ணனின் படத்திலும் லொட் நம்பர் இல்லை. எந்தப் பானையைப் பற்றிக் கதைக்கிறார் என்றே தெரியாமல் எல்லாரும் சோறு வேகவில்லை என்கிறார்கள்.

அடுத்தது, 'இரண்டு ரவை வெடிக்கவேயில்லை, குப்பை' என்ற வரி. மலிவு ரவையில் வெடிக்காதது வரும், இல்லை என்று சொல்ல நான் என்ன அந்தக் கொம்பனியின் மருமகளா? இந்த ரவையில் தீப்பற்றும் மருந்து கோதின், அதாவது ரவையின் உறையின், விளிம்புக்குள்ளே சுற்றிவர இருக்க வேண்டும். மலிவில் சில நேரம் விளிம்பின் ஒரு பக்கத்துக்கு மருந்து போய்ச் சேராது, துவக்கின் ஊசி அந்த இடத்தில் குத்தினால் சத்தமே வராது. ஆனால் அன்றைக்கு அவர் பேசாமல் தகரத்துக்குள் எறிந்த ரெண்டையும் நான் எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் ஊசி பட்ட தடம் நகத்தால் கீறினது போல் மெல்லிசாக இருந்தது. ஒழுங்காக அடித்திருந்தால் ஆழமாக ஒரு பள்ளம் தெரியும். ரேஞ்ச் பொறுப்பாளரிடம் கேட்டு, பக்கத்துத் துவக்கில் விளிம்பைத் திருப்பிப் போட்டோம். ரெண்டும் வெடித்தன. அவர் துவக்கில் ஊசி ஓடுகிற போல்டுக்குள்ளே எத்தனை மாதத்து அழுக்கும் எண்ணெயும் உறைந்து கிடக்கிறதோ எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அந்த விஷயம் ஏன் பதிவில் வரவில்லை? ஓ, தோசைக்கு அது பொருந்தாதே.

மலிவு ரவை விலை கூடின ரவைக்குச் சமம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், இல்லாவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வருவார்கள். வித்தியாசம் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். முக்கியமாக வேகத்தில். ஒவ்வொரு சூடும் ஒரே வேகத்தில் புறப்பட வேண்டும், மலிவில் அது கூடும் குறையும். செக்கனுக்குப் பத்து மீற்றர் வித்தியாசம் வந்தால் ஐம்பது மீற்றரில் சன்னம் ஏழெட்டு மில்லிமீற்றர் மேலேயோ கீழேயோ போய் விழும். ஐம்பது மீற்றர் ரைபிள் அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீற்றர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதனால் ஒரு ரவையைப் பார்க்கிறவன் குரூப்பின் அகலத்தை மட்டும் பார்க்காமல், ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும். நீண்டால் ரவையைச் சந்தேகப்படலாம். பக்கவாட்டில் விரிந்தால் முதலில் காற்றையும் உங்கள் விரலையும் சந்தேகப்படுங்கள். அண்ணனின் தனி ஓட்டை ஏழு மணியில். வலது கைக்காரர் விசையை இழுக்காமல் வெடுக்கென்று பிடுங்கினாலும் அங்கேதான் போகும், சும்மா சொல்லி வைக்கிறேன்.

விலையைப் பார்த்துத் தரம் சொல்கிறவர்களுக்கு ஒன்று. உலகத்தின் பெரிய சுடுநர்கள் ஈலி, லப்புவா என்ற ரவைக் கொம்பனிப் பெயரைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. பர்மிங்ஹாமில் ஈலிக்கும், ஜெர்மனியில் ஷோனபெக்கில் லப்புவாவுக்கும் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. சொந்தத் துவக்கைக் கொண்டுபோய், அதைத் தாங்கியில் இறுக்கி, லொட் லொட்டாகப் போட்டுச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு எது பிடிக்கிறதோ அந்த லொட்டை வாங்கி வருகிறார்கள். அதே விலை கூடின ரவையில், அதே பெயரில், ஒரு லொட் பிடிக்கும், இன்னொரு லொட் பிடிக்காது. ஒலிம்பிக் போகிறவனே பெயரை நம்பாமல் சுட்டுப் பார்த்து எடுக்கிறான். நாங்கள் கொழும்பில் இருந்துகொண்டு ஐந்து ஓட்டையில் தீர்ப்பு எழுதுகிறோம்.

இன்னொரு கூட்டம், பெட்டியில் 'ஹை வெலோசிட்டி' என்று கண்டால் அதுதான் திறம் என்று எடுக்கும். நம் வெக்கையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 350 மீற்றர் அளவு. அதைவிட வேகமாய்ப் புறப்படுகிற சன்னம் அட்டைக்குப் போகிற வழியில் அந்த எல்லைக்குத் திரும்பி இறங்கும்போது கொஞ்சம் தடுமாறும். 330ஐத் தாண்டாமல் மெல்லமாய்ப் போகிற ஸ்டாண்டர்ட் ரவைதான் அட்டைக்குச் சரி. மலிவிலேயே அது கிடைக்கிறது. இதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

'மலிவு ரவை குழலைக் கெடுக்கும்' என்று இன்பாக்ஸில் ஒருவர். மெழுகு பூசின மெல்லிய ஈயம் எஃகுக் குழலை எப்படித் தேய்க்கும் என்று அவர்தான் விளக்க வேண்டும். ஈயம் படியும், துடைத்தால் போகும்.

'பாதுகாப்பு?' என்று கேட்டவர் கேட்டது நியாயம். மருந்து குறைந்த ரவை ஒன்று வந்து, சன்னம் குழலுக்குள்ளேயே நின்று, அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் பெரிய பிரச்சினை. சத்தம் மெதுவாகக் கேட்டால் உடனே நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும். இதில் என்னிடம் மறுபேச்சில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எந்த ரவைக்கும் வேண்டும்.

'மலிவு ரவையால் பதக்கம் எடுப்பாயா?' இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பதக்கம் எடுக்கிற அன்றைக்கு நல்ல ரவை போடலாம், அதற்கு முன் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழக வேண்டுமே, அதை எதால் பழகுவது? 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனபோது என்ன நடந்தது என்று மறந்துவிட்டதா? இது எங்கள் ஊரில் செய்கிற சாமான் இல்லை, காலி வீதிக் கடையில் போய் நினைத்தபடி வாங்குகிற சாமானும் இல்லை, அனுமதிக்கு மேல் அனுமதி. அப்போது கிளப்பே மூடாமல் இருந்தது அந்தக் 'குப்பை' ரவையால்தான். அந்த நாட்களில் பெட்டி பெட்டியாகச் சுட்டவர்களில் அண்ணனும் ஒருவர். அப்போது தோசை இனித்தது போல.

இப்போது உண்மையான காரணத்துக்கு வருகிறேன். அந்தப் படத்துக்குக் கீழே எங்கள் கொட்டாஞ்சேனைப் பெடியன், 'அப்ப நான் சுடுறதே வீணா அண்ணா?' என்று கேட்டிருந்தான். சிரிப்புப் பொம்மை போட்டுத்தான் கேட்டான், அந்த வயதில் வேறு எப்படிக் கேட்பான்? அதற்கு வந்த பதில்: 'கெரம் நல்ல விளையாட்டு தம்பி'. அதற்கும் சிரிப்புகள். அவன் அந்த மலிவு ரவையோடு, கிளப்பின் பழைய துவக்கோடு, மூட்டுத் தேய்ந்த ஜாக்கெட்டோடு எடுக்கிற புள்ளியை அண்ணன் பார்த்திருக்கிறார். ஞாயிறு காலையில் பஸ் பிடித்து எல்லாருக்கும் முன்னால் வந்து அட்டை ஒட்டுகிறவனும் அவன்தான். கிளப்பில் இங்கிலிஷில் பகிடி விடுகிற மேசைக்கு அவன் வரமாட்டான். கீழே குனிந்து கோது பொறுக்குவான்.

'நீங்கள் ஏன் அக்கா இதைப் பெர்சனலாக எடுக்கிறீர்கள்?' என்று கேட்பீர்கள். எடுக்காமல்? வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வீட்டில் இந்த விளையாட்டின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நீட்டி வளர்ந்த ஆட்கள் நாங்கள். நான் சேர்ந்தபோது அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. 'உனக்கு இது தேவையா' என்ற ஒரு வசனம் மட்டும். இன்றைக்கும் மேல்மாடி அன்ரிக்கு நான் ஞாயிறுகளில் நீச்சலுக்குத்தான் போகிறேன். தலை நனையாமல் திரும்பி வருகிற நீச்சல். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் எடுத்து, டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் போனதை நான் வீட்டில் எத்தனை தரம் சொன்னேன். நம் நாட்டுப் பிள்ளை தெஹானி எகொடவெல டோக்கியோவில் பத்து மீற்றர் எயார் ரைபிள் சுட்டபோது அம்மாவை இழுத்து வந்து டிவிக்கு முன்னால் இருத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் மனசு இறங்கினா. இப்படி வீட்டோடு மல்லுக்கட்டி, ஊரோடு மல்லுக்கட்டி ரேஞ்சுக்கு வந்து சேர்கிற பிள்ளையிடம், உன் ரவைக்குக் காசு போதாது, போய்க் கெரம் விளையாடு என்று சொல்ல உங்களுக்கு எப்படி அண்ணே வாய் வந்தது?

ரவையைப் பற்றித்தான் எழுத வந்தேன், எங்கேயோ போய்விட்டேன். சரி. மலிவு ரவையைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒரே லொட்டில் எடுங்கள், குழலுக்குப் பழக விடுங்கள், தாங்கியில் வைத்துப் பத்துப் பத்தாகப் பல அட்டை சுடுங்கள், தனியே போனதையும் சேர்த்து அளவுங்கள், காருக்குள் வெயிலில் கிடந்து மெழுகு உருகின பெட்டியைக் கொண்டுவந்து கொம்பனியைத் திட்டாதீர்கள். அதற்குப் பிறகும் குப்பை என்று வந்தால் நானே முதல் ஆளாக வந்து லைக் போடுவேன்.

ஒன்று மட்டும். 'அண்ணன் அப்படி நினைச்சுச் சொல்லேல்ல' என்று எனக்கு இன்பாக்ஸில் வந்து விளக்கம் தர வேண்டாம். சொல்ல இருந்தால் இங்கேயே, கீழே, அந்தப் பெடியனின் பெயரை டாக் பண்ணி அவனிடம் சொல்லுங்கள்.