சியோல் பள்ளத்தாக்கு: ஓவியத்தைப் பார்த்து 'உருவாக்கியது' அல்ல

"1751 ஓவியத்தைப் பார்த்து சியோலில் ஒரு பள்ளத்தாக்கையே செயற்கையாக உருவாக்கிவிட்டார்கள், சொங்கியெச்சொன் ஓடை மாதிரி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு கதைகள் கலந்துவிட்டன.

முதலில், படமே வேறு. கொரிய ஓவியர் ஜியோங் சியோன் 1751-இல் வரைந்தது மழை விட்ட இன்வாங் மலை, சியோலில் உள்ளது. பள்ளத்தாக்குச் சீரமைப்புக்கு வழிகாட்டியது அதே ஓவியர் அம்மலையடிவாரத்துச் சுசொங்தொங் பள்ளத்தாக்கை வரைந்த இன்னொரு படம்.

அப்புறம், அங்கே பாறைகளை யாரும் செய்து வைக்கவில்லை. 1971-இல் சுசொங்தொங் ஓடையை ஒட்டி அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். அவற்றை இடித்து, இடத்தைச் சீராக்கி 2012-இல் திறந்தார்கள். பாறைகள் முன்பே அங்கே இருந்தவை. படத்தில் தெரியும் கற்பாலம் என்று கருதப்படும் நீளக் கல்லும் அப்படித்தான். ஓவியம் உதவியது எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்யத்தான். அளந்து கட்ட அது வரைபடம் இல்லை. வெளிர்நிறக் கருங்கல் மலையையே கருமையாகத் தீட்டிய ஆள் அவர்!

சொங்கியெச்சொன்னைச் செயற்கை என்று திட்டுவதில் நியாயம் உண்டு. 2005-இல் திறந்த அந்த ஓடையில் ஓடுவது பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றும் தண்ணீர். சுசொங்தொங்கில் மழை பெய்தால்தான் நல்ல நீரோட்டம். வெயில் காலத்தில் போய்விட்டு 'தண்ணீரே இல்லை, ஏமாற்று வேலை' என்று சொன்னால் எப்படி?