மைக்கில் ஏசுவதற்குப் பெயர் தலைமைத்துவம் இல்லை

வியாழக்கிழமை செயலமர்வு மண்டபத்தில் நடந்தது எங்கட அரச கந்தோர் ஆக்கள் எல்லாருக்கும் இப்போது தெரியும். யார், எந்தக் கந்தோர் என்று எழுதப் போவதில்லை, இன்பொக்ஸில் கேட்கவும் வேண்டாம். பொறுத்துப் பார்த்தேன். மனம் ஆறவில்லை.

செயலமர்வின் தலைப்பு என்ன? ஆளிடைத் தொடர்புத் திறன், தலைமைத்துவம், வேலைத்தலத்தில் உளநலம். பனர் கட்டி, மங்கள விளக்கேற்றித் தொடங்கிய நிகழ்வு. அதற்குக் கொஞ்சம் பிந்தி வந்த, எங்களோடு வேலை செய்கிற ஒரு பிள்ளையை வாசலிலேயே நிற்பாட்டி, "வீட்டில மணிக்கூடு இல்லையா? இல்லாட்டி மணி பாக்கத் தெரியாதா?" என்று மைக்கில் கேட்டவர், அந்தக் கந்தோருக்கே தலைவராக இருக்கிறவர். முன்வரிசை சிரித்தது. அந்தப் பிள்ளை பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எந்தக் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது என்றுகூடத் தெரியாமல் நின்றாள். நான் கையைக் காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டேன். வந்து இருந்தவளின் கை தேத்தண்ணி நேரம் வரைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது. பயிற்சி நடத்திய வளவாளர் அடுத்த ஸ்லைட்டுக்குப் போய்விட்டார்.

அவள் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைப் பிள்ளை. குருமண்வெளித் துறைக்குப் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவைப் படகில்) வந்து, இக்கரையில் பஸ் பிடித்து வரவேண்டும். அன்று விடியவே மழை, பாதை பிந்திவிட்டது. வீட்டில் பால்குடிப் பிள்ளை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லையே. கேள்வி மாதிரிச் சொன்னாரே தவிர, பதில் கேட்க அவருக்கு விருப்பம் இருக்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஏச வேண்டுமென்றால் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு ஏசுங்கள். நாலு பேருக்கு முன்னால் ஏசாதீர்கள். அரச உத்தியோகத்தருக்கான தாபன விதிக்கோவையின் 2ஆம் தொகுதி ஒழுக்கக் கட்டுப்பாட்டுக்கென்றே இருக்கிறது. பிழை விட்டவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்கலாம், பதில் வாங்கலாம், அதற்குப் பிறகு நடவடிக்கை எடுக்கலாம். இத்தனை வழி இருக்க மைக்கை ஏன் எடுக்க வேண்டும்?

இதற்கு வரப்போகும் பதில்களும் எனக்குத் தெரியும்.

"ஏசாட்டி இவங்களிட்ட வேலை வாங்கேலாது." வேலை வாங்கலாம். உண்மையை வாங்க முடியாது. ஹார்வர்டில் இருக்கிற ஏமி எட்மன்சன் வைத்தியசாலைத் தாதியர் குழுக்களைப் பார்த்துச் செய்த ஆய்வு 1996இல் வந்தது. நல்ல தலைமை இருந்த குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள், பயந்த இடத்தில் மறைத்தார்கள். நம்முடைய கந்தோர்களை யோசித்துப் பாருங்கள். அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பட்டியலில் ஒரு குடும்பத்தின் விபரம் பிழையாகப் பதிந்துவிட்டது என்று வைப்போம். அன்றைக்கே சொன்னால் அன்றைக்கே திருத்தலாம். சொன்னால் எல்லாருக்கும் முன்னால் மானம் போகும் என்றால் யார் சொல்வார்கள்? பிழை பைலுக்குள்ளேயே கிடக்கும், அந்தக் குடும்பம் மாதக்கணக்காக அலையும்.

"நாங்களும் ஏச்சு வாங்கித்தான் வேலை பழகினோம்." நானும் வாங்கியிருக்கிறேன். அம்பாறை மாவட்டத்தில் எனது முதல் கந்தோரில், வவுச்சர் கட்டு ஒன்றை மேசையிலிருந்து தள்ளிவிட்டார் ஒருவர். அது நான் தயாரித்ததே இல்லை, கொண்டுபோய்க் கொடுத்தது மட்டும்தான் நான். வரிசையில் சனம் பார்த்துக்கொண்டிருக்கக் குனிந்து பொறுக்கினேன். ஒரு தாள், வாங்கில் இருந்த ஐயா ஒருவரின் செருப்புக்குக் கீழே போய்விட்டது. அவர் எழும்பி, தாளைச் சாரத்தில் துடைத்து, "பரவாயில்ல மகள், அழாத" என்று தந்தார். அந்த வவுச்சர் எதற்கானது என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. செருப்பின் அடையாளம் பதிந்த அந்தத் தாள் மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது. அதில் நான் என்ன வேலை பழகினேன்? அந்த மனிசன் வரும் நேரம் பார்த்து ஸ்டோர் ரூமுக்குள் போய் நிற்கத்தான் பழகினேன்.

நல்ல தலைவர்களையும் பார்த்தவள் நான். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு நான் இருந்தது கல்முனைப் பக்கம். இந்த நாட்டிலேயே கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். செத்தவர் தொகை, காணாமல் போனவர் தொகை என்று மேலிடம் அழைப்புக்கு மேல் அழைப்பு. எங்கட சேர் என்ன செய்தார் தெரியுமா? ஜீப்பின் பொனட்டில் சீ.ஆர். கொப்பியை வைத்து, முதலில் எங்களுடைய வீட்டாரின் பெயர்களை எழுதினார். யாருக்கு யாரைக் காணவில்லை, யாருடைய பிள்ளை எந்த முகாமில். எழுதி முடித்த பிறகுதான், "இனி வேலையைப் பாப்பமா?" என்றார். அந்த மனிசனுக்காக இரவிரவாக வேலை செய்தோம். ஒரு சத்தம் போட்டதில்லை. எந்தச் செயலமர்வுக்கும் போனவரும் இல்லை.

"நீங்க மட்டும் சனத்தோட ஒழுங்காக் கதைக்கிறீங்களா?" இந்தக் கேள்வி நியாயம். கவுண்டரில் நின்று சனம் வாங்கும் பேச்சு எனக்கும் தெரியும், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் காலையில் மேலே ஏச்சு வாங்கியவர், பத்து மணிக்குப் படிவத்தோடு வந்து நிற்கிற அம்மாவிடம் எரிந்து விழுகிறார். மேலே திருத்தாமல் கீழே எத்தனை செயலமர்வு வைத்தாலும் அந்த அம்மா பேச்சு வாங்கிக்கொண்டுதான் இருப்பா.

பெண்பிள்ளை என்பதால்தான் நான் வக்காலத்து வாங்குகிறேனாம். இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

வேலைத்தல மனஅழுத்தத்தால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே தன் சர்வதேச நோய் வகைப்படுத்தலில், நோயாக இல்லாமல் தொழில்சார் நிகழ்வாகச் சேர்த்துவிட்டது. 2022இல் வந்த அதன் வழிகாட்டலில், பணியாளர்களின் உளநலத்துக்காக முகாமையாளர்களைப் பயிற்றுங்கள் என்று இருக்கிறது. முகாமையாளர்களை! நம்மிடம் யாரைப் பிடித்து இருத்துகிறார்கள்? மேலே இருந்து ஏச்சு வாங்குகிறவர்களை. ஏசுகிறவர் திறப்புரையும் ஆற்றிவிட்டு, குரூப் போட்டோவுக்கும் நின்றுவிட்டு, "மீட்டிங் இருக்கு" என்று போய்விடுவார். வியாழக்கிழமையும் அதுதான் நடந்தது. கடைசி ஸ்லைட்டில் தேசிய உளநல உதவித் தொலைபேசியான 1926 இலக்கத்தைப் போட்டு, மனசு சரியில்லை என்றால் எடுங்கள் என்றார்கள். தேவைப்பட்டால் கட்டாயம் எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் காலையில் ஒரு பிள்ளையைச் சபையில் அழவைத்துவிட்டு, பின்னேரம் அந்த இலக்கத்தைக் காட்டுவது என்ன நியாயம்? அந்த ஸ்லைட் வந்தபோது அவள் தலை நிமிரவே இல்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அடுத்த மாதம் இரண்டாம் கட்டமாம். பெயர்ப் பட்டியல் வந்துவிட்டது. அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், முகாமைத்துவ சேவை ஆட்கள், காரியாலய உதவியாளர்கள் என்று எங்கட பெயர்கள்தான் நிறைய. மேலிடத்தில் இருக்கிற பதவிநிலை உத்தியோகத்தர் ஒருவரின் பெயர்கூட இல்லை. என் பெயரை வெட்டி, முதல் நாளைப் பதவிநிலை உத்தியோகத்தர்களுக்கு மட்டும் வையுங்கள் என்று கடிதம் எழுதி, தபால் பதிவில் பதிந்து கொடுத்திருக்கிறேன். நான் இங்கே எழுதிய இந்தப் பதிவை அழிக்கச் சொல்லி போன் எடுக்கப் போகிறவர்களுக்கும் இதுதான் பதில். அந்தப் பிள்ளையிடம் அவர் மன்னிப்புக் கேட்கட்டும், எல்லாருக்கும் முன்னால். அது வரைக்கும் இது இங்கேயே இருக்கும்.