புது கேபினட்டுக்குள் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்

பிள்ளை காலேஜ் சேரும் வீடுகளில் ஒவ்வொரு வருஷமும் இந்தப் பேச்சு வருகிறது. கையில் 20,000 ரூபாய் இருக்கிறது, நல்ல லேப்டாப்புக்குப் போதாது, வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் போட்டுவிடலாம். மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது, அல்லது யாராவது தருகிறார்கள். புதிதாக அசெம்பிள் பண்ணுவதா, செகண்ட் ஹேண்டில் வாங்குவதா?

தயங்காமல் சொல்கிறேன். கேம் விளையாட இல்லை, பெரிய வீடியோ எடிட்டிங் இல்லை என்றால் ஆபீஸில் ஓடிக் கழித்த சின்னப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். உள்ளே இருக்கும் பிராசசர் இன்டெல் எட்டாவது ஜெனரேஷன் (தலைமுறை) அல்லது அதற்குப் பிறகு வந்ததாக இருக்கட்டும். அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

சின்னப் பெட்டி என்று நான் சொல்வது டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி போன்றவற்றை. தடித்த டிக்‌ஷனரி ஒன்றைப் படுக்கவைத்த அளவுதான் இருக்கும். மானிட்டருக்குப் பின்னால்கூட மாட்டிவிடலாம். ஐடி கம்பெனிகளும் வங்கிகளும் இவற்றை மொத்தமாக எடுத்து, சில வருஷம் ஏசி அறையில் ஓட்டிவிட்டு, லீஸ் முடிந்ததும் லாட்டாகக் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்ததுதான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளிலும் ஆன்லைனிலும் ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. அதில் பரவலாகக் கிடைக்கும் ஐ5-8500டி என்ற பிராசசர் 2018-இல் வந்தது. ஆறு கோர், 35 வாட். டைப்பிங், கோடிங், ஆன்லைன் வகுப்பு, நாற்பது டேப் திறந்த குரோம் எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் தாராளமாகப் போதும்.

“பழசு வேண்டாம், புதுசா வாங்கணும்” என்ற ஆசை எனக்குப் புரிகிறது. குருவி சேர்ப்பதுபோலச் சேர்த்த காசு அது. அந்த ஆசையை வைத்து நடக்கும் ஏமாற்றுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, மகனுக்காகப் புது கம்ப்யூட்டர் வாங்கினார். “தம்பி, யூடியூப் போட்டாலே உர்ருன்னு சத்தம் வருது, கொஞ்சம் வந்து பாரேன்” என்று கூப்பிட்டார். பளபளவென்று கண்ணாடி கேபினட், உள்ளே கலர் கலராக லைட். பில்லில் ஐ7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று போட்டிருந்தது. எந்த ஜெனரேஷன் என்பது மட்டும் இல்லை. பக்கத்து மூடியைக் கழற்றினேன். மதர்போர்டில் கம்பெனி பெயரே கிடையாது, எச்61 என்ற எழுத்து மட்டும். எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது உள்ளே கரன்ட் சப்ளை கொடுக்கும் பவர் பெட்டியை, கழற்றிக் கையில் எடுத்தால் கனமே இல்லை, காலி டப்பா மாதிரி இருந்தது. பிராசசர் விவரத்தைக் காட்டும் சிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன்: ஐ7-2600. அது 2011 ஜனவரியில் வந்த பிராசசர். அந்தப் பையன் அப்போது எல்கேஜிகூடச் சேர்ந்திருக்க மாட்டான். பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய சிப்பைப் பெயர் தெரியாத புது போர்டில் மாட்டி, புது கேபினட்டில் அடைத்து, புதுசு என்று விற்றிருக்கிறார்கள். இந்த விலைக்கு “புது ஐ7” என்று விளம்பரம் வந்தால் பெரும்பாலும் விஷயம் இதுதான்.

யூடியூப்புக்கு ஏன் சத்தம்? யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற வடிவங்களில் வருகின்றன. 2011 சிப்பில் அவற்றைப் பிரித்துக் காட்டத் தனி வன்பொருள் கிடையாது. மொத்த வேலையும் பிராசசர் தலையில் விழுகிறது. 95 வாட் சிப் சூடாகி ஃபேன் அலறுகிறது. எட்டாவது ஜெனரேஷனில் விபி9-க்கு அந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

விண்டோஸ் விஷயம் இன்னும் முக்கியம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் ஏறக்குறைய எட்டாவது ஜெனரேஷன் முதல்தான் மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய சிப்பிலும் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறார்கள்தான். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று யாரும் பொறுப்பேற்பதில்லை. நான் எட்டு என்று அடம்பிடிப்பது இதனால்தான். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக்கொள்வேன் என்பவர்கள் ஆறு, ஏழு ஜெனரேஷன் பெட்டிகளைத் தாராளமாக வாங்கலாம், விலை இன்னும் குறையும்.

ஜெனரேஷனைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ5, ஐ7 என்பதைப் பார்த்து மயங்காதீர்கள், பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 2600 என்றால் இரண்டாவது, 3470 மூன்றாவது, 8500 எட்டாவது, 10400 பத்தாவது, 12100 பன்னிரண்டாவது.

சரி, நிஜமாகவே எல்லாம் புதிதாக வாங்கி அசெம்பிள் பண்ணினால்? ஐ3-12100 அருமையான பிராசசர், நான் மேலே சொன்ன 8500டி-யைவிட வேகம். ஆனால் அதற்கும் ஒரு எச்610 போர்டுக்குமே 20,000-இல் பெரும்பகுதி போய்விடும். ரேம் விலை வேறு 2025 கடைசியிலிருந்து கிடுகிடுவென்று ஏறிவிட்டது. மெமரி கம்பெனிகள் ஏஐ டேட்டா சென்டர்களுக்கே முன்னுரிமை கொடுக்கின்றன. குருஷியல் என்ற பெயரில் நமக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கடைசியில் காசு பத்தாமல் எங்கே கை வைப்பார்கள்? எஸ்எம்பிஎஸ்ஸில். நம்மூர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். சின்னப் பெட்டிகளுக்கு லேப்டாப் மாதிரி வெளியே அடாப்டர்தான். போனால் அதே வாட்டில் ஒரிஜினல் வாங்கிச் செருகினால் முடிந்தது.

குறையும் உண்டு. வழக்கமான கிராபிக்ஸ் கார்டு இதில் போட முடியாது. பின்னால் அது வேண்டும் என்று தெரிந்தால் அவசரப்படாமல் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸோடு அசெம்பிள் பண்ணுங்கள். ஹார்டுவேர் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைக்கும் அதுதான் சரி.

கடையில் வாங்கும்போது பெட்டியை ஆன் பண்ணியதும் அதற்குரிய கீயை அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் என்ற செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள். டெல்லுக்கு எஃப்2, லெனோவோவுக்கு எஃப்1, எச்பிக்கு எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்; பழைய கம்பெனி போட்ட பூட்டை எடுப்பது பெரிய தலைவலி. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் எஸ்எஸ்டியின் ஹெல்த் பாருங்கள். நல்லதை உருவிவிட்டுப் பெயரில்லாத ஒன்றைச் செருகிவைப்பது அடிக்கடி நடக்கிறது. முடிந்தால் எஸ்எஸ்டியை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வைஃபை கார்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள், ஆபீஸில் லேன் கேபிளில் ஓடியதால் பலவற்றில் இருக்காது. அப்புறம், பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள்.

யாராவது இந்த மாதம் வாங்குவதாக இருந்தால் காசு கொடுப்பதற்கு முன்பே பிராசசர் எண்ணையும் பெட்டியின் பின்பக்கப் போட்டோவையும் உள்பெட்டியில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.