காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்த குற்றம்

சேலம் அம்மாபேட்டைத் திருமண வரவேற்பில் நான் காதடைப்பான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த படம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மூன்று நாளாகச் சுற்றுகிறது. மாப்பிள்ளை வீட்டாரை அவமதிக்க நான் அதை வைக்கவில்லை. என் காதைக் காப்பாற்றிக்கொள்ள வைத்தேன்.

மேடையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். முன்வரிசையில் என் கைப்பேசிச் செயலி 105 டெசிபல் காட்டியது. கைப்பேசிக் கணக்கை நம்ப முடியாது என்பீர்கள். ஐந்தைக் கழித்தே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம்தான் கேட்கலாம், அதற்குமேல் கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அதில் பாதி நேரம் என்பது பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் தொழிலாளர்களுக்கு வகுத்த அளவு. அதன்படி 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். நாம் மூன்று மணி நேரம், மடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் இரண்டு முறை போய்க் கெஞ்சியதை, படத்தைப் பரப்புகிறவர்கள் ஒருவரும் சொல்லவில்லை.

“பத்து மணி வரைக்கும் சட்டமே உடுது” என்கிறார் பெரியப்பா. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துவது அக்கம்பக்கத்தார் உறங்குவதற்காக. மாலை ஏழு மணிக்கு மண்டபத்துக்குள் இருப்பவரின் காதை அது காப்பாற்றாது. உட்செவியில் ஒலியை வாங்கும் மயிரிழைச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. “கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் மேளத்தையும் நிறுத்தச் சொல்லுவியா?” என்று இன்னொருவர் கேட்கிறார். அந்த மேளத்துக்கு முன்னால் நடந்து வளர்ந்தவன் நான். மேளக்காரருக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதற்கு மேலும் கேலி செய்கிறவர்கள் என் அப்பாவோடு ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள். இளம்பிள்ளையில் 32 ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா இருபுறமும் மோதும் அந்தக் கொட்டகையில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அறுந்த நூலைச் சுருட்டிக் காதில் திணித்துக்கொண்டு நின்றார். அது பெரும்பாலான சத்தத்தை உள்ளே விட்டுவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நுரைக் காதடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலே இழுத்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் வாங்கிய ஜோடி 20 ரூபாய். முதலாளி ஒருவராவது அதை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

இன்று அவருக்கு நாம் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறோம் என்பது கேட்பதில்லை. கீச்சொலிகள்தான் முதலில் போகும். சகரமும் தகரமும் அவருக்குத் தேய்ந்துவிட்டன. வரவேற்பில் நலம் விசாரித்த அத்தனை பேரிடமும் “ஆமா, ஆமா” என்று சிரித்தார். நீங்கள் அதை மகிழ்ச்சி என்று நினைத்தீர்கள்.

அன்றிரவு காதடைப்பான் இல்லாமல் வந்த என் தம்பிக்கு மறுநாள் மதியம் வரை காதில் இரைச்சல் நிற்கவில்லை. அப்பாவுக்கு அது நின்றதே இல்லை. சில இரவுகளில் எழுந்து உட்கார்ந்து, “யாருடா இந்நேரத்துல தறி ஓட்டுறது?” என்று கேட்பார். அந்தக் கொட்டகையை இடித்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

அடுத்த மாதத் திருமணத்துக்கும் வருவேன். அப்பாவைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பேன். பையில் பத்து ஜோடி வைத்திருப்பேன். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.