நட்ட ஈடு வாங்கியது யார்?

அடிமைமுறை பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒருத்தர் கிளம்பி வந்துவிடுகிறார். "அடிமைங்க எல்லா நாட்டுலயும் இருந்தாங்க சார், அதை ஒழிச்சது பிரிட்டிஷ்காரன்தான்." சரி, 1833இல் சட்டம் போட்டான், 1834 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கும் கொண்டுவந்தான். கூடவே ஒரு கணக்கும் போட்டானே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

2 கோடி பவுண்டு. அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஓராண்டுச் செலவில் கிட்டத்தட்ட 40 சதவீதம். கையில் அவ்வளவு இல்லாததால் 1835இல் ரோத்ஸ்சைல்ட், மான்டிஃபியோரி போன்ற பெரும் லேவாதேவிக்காரர்களிடம் ஒன்றரைக் கோடி கடன் வாங்கினார்கள். இவ்வளவு பணமும் யாருக்குப் போனது? கரீபியன் முதலான பிரிட்டிஷ் காலனிகளின் கரும்புத் தோட்டங்களில் பரம்பரை பரம்பரையாக உழைத்துச் செத்தவர்களின் பிள்ளைகள் சுமார் 8 லட்சம் பேர் இருந்தார்களே, அவர்களுக்கு ஒரு பென்னி கிடையாது. அத்தனையும் அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. சொத்து பறிபோகிறதாம், அதற்கு நட்ட ஈடாம்.

நட்ட ஈட்டை எப்படிப் பிரித்தார்கள் என்று பார்த்தால் வயிறு எரியும். ஆட்களை ரகம் ரகமாகப் பிரித்து விலை போட்டார்கள். வேலையாட்களை மேய்க்கும் தலைமையாள் ஒரு விலை, கைத்தொழில் தெரிந்தவர் ஒரு விலை, கரும்பு வெட்டுபவர், வீட்டு வேலைக்காரர், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை என்று ஆளுக்கொரு விலை. பட்டியலின் கடைசியில் 'முதியோர், நோயாளிகள், மற்றபடி பயன்படாதோர்' என்று ஒரு வரி. அந்தப் பயன்படாதவர்களுக்கும் முதலாளி காசு வாங்கினார். 1822 முதல் 1830 வரை ஒவ்வொரு காலனியிலும் ஆள் என்ன விலைக்குப் போனார் என்று பார்த்துத்தான் தொகையை நிர்ணயித்தார்கள். தென் அமெரிக்காவின் வடகரையிலிருந்த பிரிட்டிஷ் கயானாவில் மண் புதிது, கரும்பு நன்றாக விளைந்தது. அதனால் கயானாவில் ஒருவருக்குக் கிடைத்த சராசரித் தொகை கரீபியன் தீவான ஜமைக்காவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அதோடும் விடவில்லை. விடுதலை என்று அறிவித்த பிறகு 'பயிற்சிக் காலம்' என்று ஒன்றைச் சொருகினார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் இன்னும் ஆறு ஆண்டு, வாரத்துக்கு 45 மணி நேரம் வரை, அதே முதலாளியிடம் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். தாத்தா காலத்திலிருந்து வெட்டிய கரும்பை இவர்களுக்குப் புதிதாக யார் கற்றுக்கொடுப்பது? எதிர்ப்பு தாங்காமல் 1838லேயே அதை முடித்துக்கொண்டார்கள்.

லண்டனில் மனச்சாட்சியுள்ளவர்கள் இல்லாமல் இல்லை. சர்க்கரையே வேண்டாம் என்று ஒதுக்கிய குடும்பங்கள் இருந்தன, லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள். மறுக்கவில்லை. ஆனால் 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற பாப்டிஸ்ட் சபை ஊழியரின் தலைமையில் பல்லாயிரம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது கலகமாக வெடித்து தோட்டங்கள் பற்றி எரிந்தன. அடக்கிய பிறகு 300க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று தண்டித்தார்கள். சாம் ஷார்ப்பை 1832 மே மாதம் தூக்கில் போட்டார்கள். அடுத்த ஆண்டு சட்டம் வருகிறது. இதையெல்லாம் சொல்லாமல் கருணை, மனிதாபிமானம் என்று மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜான் கிளாட்ஸ்டன் என்று ஒரு லிவர்பூல் வியாபாரி. பின்னாளில் நான்கு முறை பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா. 2,508 பேருக்காக அவர் வாங்கிய நட்ட ஈடு 1,06,769 பவுண்டு. பணம் வந்தது, ஆள் போய்விடுமே? 1836லேயே கல்கத்தாவிலிருந்த ஒரு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார், கூலியாட்கள் அனுப்ப முடியுமா என்று. 1838 மே 5 அன்று விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் சுமார் 400 இந்தியர்களுடன் கயானாவில் கரை சேர்ந்தன. அங்கே கறுப்பர்களின் 'பயிற்சிக் காலம்' முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. வந்தவர்களிலும் சிலருக்குக் கசையடி விழுந்தது, விஷயம் லண்டன் வரை நாறியது, ஆள் அனுப்புவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். மறுபடி தொடங்கியபோது மெட்ராஸிலிருந்தும் கப்பல் போனது. கயானாவில் இன்றும் மாரியம்மன் கும்பிடும் 'மதராஸி'கள் அப்படிப் போனவர்களின் வழிவந்தவர்கள்.

நம் ஊர் சங்கதி இன்னொன்று. அந்த 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் பண்ணையாட்களை நிலத்தோடு சேர்த்து விற்றதும் அடகு வைத்ததும் கம்பெனிக்குத் தெரியும். அதில் கை வைத்தால் மிராசுதார் முறைப்பார், நில வரி குறையும். 1843இல்தான் இந்தியாவில் சட்டம் வந்தது. அதுவும் அடிமை உரிமையைக் கோர்ட்டு அங்கீகரிக்காது என்ற அளவில்தான். கடன் என்ற பெயரில் ஆளைக் கட்டிவைப்பது அதற்குப் பிறகும் தொடர்ந்தது. இதில் வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு நம் மிராசுதார்களை நழுவ விட எனக்கு மனமில்லை.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே. போராடி விடுதலை வாங்கிய ஹைத்தியிடமே 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி பிராங்க் நட்ட ஈடு கேட்டது. பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட வாங்கிய கடன் 1947 வரை இழுத்தது.

"பழைய கதை, விடுங்கள்" என்பவர்களுக்கு ஒன்று. பிரிட்டன் வாங்கிய அந்தக் கடன் வேறு வேறு கடன் பத்திரங்களாக உருமாறி, 2015 பிப்ரவரியில்தான் தீர்ந்தது. 2018இல் பிரிட்டிஷ் நிதியமைச்சகமே இதை ட்விட்டரில் பெருமையாகப் போட்டது: உங்கள் வரிப்பணம்தான் அடிமை வியாபாரத்தை ஒழிக்க உதவியது என்று. வாங்கிக் கட்டிக்கொண்டு உடனே நீக்கினார்கள். 1948க்குப் பிறகு ஜமைக்காவிலிருந்து லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டியவர்களும் நர்ஸ் வேலை பார்த்தவர்களும் கட்டிய வரியிலும் அந்தக் கடனின் வட்டி போயிருக்கிறது. தங்கள் முன்னோரை வைத்திருந்தவனுக்குக் கொடுத்த நட்ட ஈட்டுக்கு இவர்கள் தவணை கட்டியிருக்கிறார்கள்.

கடன் தீர்ந்த அதே 2015இல் பிரதமர் கேமரூன் ஜமைக்காவுக்குப் போனார். நட்ட ஈடு கேட்டவர்களிடம், கடந்ததைத் தாண்டி மேலே போவோம் என்றார். கூடவே 2.5 கோடி பவுண்டு அறிவித்தார், ஜமைக்காவில் சிறைச்சாலை கட்ட. ஜமைக்கா பின்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

2023 ஆகஸ்டில் ஜான் கிளாட்ஸ்டனின் வாரிசுகள் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள், ஆய்வுக்கென்று 1 லட்சம் பவுண்டு தருவதாகவும் அறிவித்தார்கள். அன்றைய மதிப்பிலேயே அவர் வாங்கியதைவிட இது குறைவு. ஆனாலும் நேரில் போய் நின்றார்களே, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். பிரிட்டிஷ் அரசாங்கம் இன்னும் அந்த அளவுக்குக்கூட வரவில்லை. கரீபிய நாடுகள் 2013லிருந்து ஒன்றாகச் சேர்ந்து நட்ட ஈடு கேட்டுக்கொண்டிருக்கின்றன.