சின்ன மின்சார காரில் பத்துச் சிப்பம் அரிசி

சென்ற வாரம் தஞ்சாவூருக்கு வெளியே நாங்கள் நெல் அரைக்கும் ஆலையில் அரிசி எடுக்கச் சென்றிருந்தேன். சுமை ஏற்றும் பெரியவர் முதல் சிப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, என் காரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "தம்பி, குட்டி யானை பின்னால வருதா?" என்று சின்னச் சரக்கு வண்டியைக் கேட்டார். இதில்தான் ஏற்ற வேண்டும், பத்தும் ஏறும் என்று சொன்னதற்கு அவர் பதில் சொல்லவில்லை; பத்தாவது சிப்பம் ஏறிக் கதவு சாத்தப்பட்டதும், பின்சக்கரத்தின் அருகே குனிந்து டயரைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தள்ளிப் போனார். அவருடைய ஐயம் எங்கள் பகுதியில் பலருக்கும் இருப்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் ஓட்டுவது 2022-இல் அறிமுகமான டாடாவின் டியாகோ மின்சார கார். 24 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி, பின்பக்கப் பெட்டியில் 240 லிட்டர் இடம், அவ்வளவுதான். ஒரு சிப்பம் 26 கிலோ. (2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கு 5 விழுக்காடு வரி வந்த பிறகுதான் இந்த 26 கிலோக் கணக்கு ஆலைகளில் பரவியது.) பின்னிருக்கையை மடக்கி ஏற்றும் பத்துச் சிப்பம் என்றால் 260 கிலோ. எடையைச் சொன்னால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் ஆளுக்கு 65 கிலோ என்று வைத்துக்கொண்டால் அது நான்கு பெரியவர்களின் எடை. அத்தை, மாமா, சித்தப்பா, சித்தி ஆகிய நால்வரை ஏற்றிக்கொண்டு திருநாகேசுவரத்துக்கோ வைத்தீசுவரன்கோயிலுக்கோ இதே காரில் போகிறபோது யாரும் டயரை அழுத்திப் பார்ப்பதில்லை. மனிதர் உட்கார்ந்தால் பயணம், மூட்டை உட்கார்ந்தால் பாரம் என்று நாம் பிரித்துப் பார்க்கிறோமே தவிர, வண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். கார் என்பதை வாசலில் நிறுத்தும் கௌரவமாகவே பார்த்துப் பழகியதால், அது எவ்வளவு தாங்கும் என்று கேட்கவே நமக்குத் தோன்றாமல் போய்விட்டது என்பது என் கருத்து. நம் தாத்தாக்கள் மாட்டு வண்டியை அப்படிப் பார்க்கவில்லை. அதே வண்டி காலையில் எரு அடித்தது, மாலையில் கூண்டு கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனது.

மின்சார மோட்டாருக்கு இந்த வேலை குறிப்பாகப் பொருந்தி வருவதற்குத் தெளிவான காரணம் உண்டு. இதே காரின் பெட்ரோல் வகையில் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் விசை, 113 நியூட்டன் மீட்டர், மின்சார வகையில் 114. காகிதத்தில் வேறுபாடே இல்லை. ஆனால் பெட்ரோல் எஞ்சின் அந்த விசையைத் தர நிமிடத்துக்கு 3300 சுற்றுகளை எட்ட வேண்டும், மோட்டாரோ சக்கரம் நகரத் தொடங்கும் முதல் நொடியிலேயே அதைத் தந்துவிடுகிறது. பாரத்தோடு கிளம்பும்போது கிளட்ச் தேயும் வாடையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு வர வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்களைக் கடக்க வேண்டும். எங்கள் வழியில் மேடு என்று சொல்லத்தக்கவை அந்தப் பாலங்களின் ஏற்றம் மட்டுமே. முன்னால் ஒரு நெல் லாரி ஊர்ந்துகொண்டிருக்க, பாலத்தின் ஏற்றத்தில் நின்று நின்று கிளம்பும்போதும் இந்தக் கார் திணறியதில்லை. மறுபக்கம் இறங்கும்போது வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி, ஏறச் செலவானதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது.

மற்ற இடமெல்லாம் சமதரை. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினத்துக் கடற்கரை 80 கிலோமீட்டருக்கும் அப்பால். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இல்லாத இந்த நிலத்தில் பாரத்துக்காக நாம் கொடுக்கும் விலை மிகக் குறைவு. நல்ல தார்ச்சாலையில் டயர் உருள்வதற்கான தடை எடையில் சுமார் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்கிட்டால், 260 கிலோவை 100 கிலோமீட்டர் சுமக்கக் கூடுதலாகத் தேவைப்படுவது ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம். வேகத்தடையும் வளைவும் நிறைந்த எங்கள் ஊர்ச் சாலைகளில் நான் பார்த்தவரை அது ஒன்றரை யூனிட் ஆகிறது. சித்திரை வெயிலில் ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடினாலே கிட்டத்தட்ட அந்த அளவு போய்விடும். வெறும் வண்டியில் 200 கிலோமீட்டரை ஒட்டி ஓடும் கார், பாரத்தோடு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 180-க்குக் குறைந்ததில்லை. ஆனால் கூரைமேல் கட்டக் கூடாது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காக ஏறுவதால், கூரைமேல் கட்டிய இரண்டு இலைக்கட்டு உள்ளே வைத்த பத்து மூட்டையைவிட அதிக மின்சாரத்தைத் தின்றுவிடும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை எனக்கு ஒரு தவறுதான் கற்றுத் தந்தது; அதை மறைப்பது நேர்மையாகாது. சென்ற ஆண்டு சம்பா அறுவடையின்போது, மழை வரும் என்ற பதற்றத்தில், கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ நெல் மூட்டை ஒன்பதை ஏற்றி, உதவிக்கு ஒருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இருட்டில் கிளம்பினேன். ஆட்களையும் சேர்த்தால் 490 கிலோ. வண்டி இழுத்தது, இழுக்கிறது என்பதே என்னை ஏமாற்றியது. பின்பக்கம் தாழ்ந்து முகப்பு விளக்கு மேல்நோக்கி அடித்ததை நான் உணரவில்லை. ஆற்றங்கரைச் சாலையில் எதிரே சைக்கிளில் வந்த முதியவர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, தடுமாறி, சைக்கிளைவிட்டு இறங்கி நின்ற பிறகுதான் புரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, மூன்று மூட்டைகளைத் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் இறக்கிவைத்துவிட்டுப் போனேன். இழுக்கும் திறன் வேறு, தாங்கும் திறன் வேறு, நிறுத்தும் திறன் வேறு. வண்டியின் மொத்த எடை எவ்வளவு இருக்கலாம் என்பது கையேட்டில் இருக்கிறது, முழுப் பாரத்துக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது. அவற்றைப் படிக்காமல் ஒரு மூட்டையையும் ஏற்றாதீர்கள்.

ஏற்றும் முறையும் முக்கியம். எடை மிகுந்தவற்றை முன்னிருக்கைகளின் முதுகை ஒட்டித் தரையோடு அடுக்க வேண்டும். பின்கதவுப் பக்கம் குவித்தால் பின்னச்சு மட்டுமே சுமக்கும். கயிறு கட்டாத மூட்டை, திடீரென்று பிரேக் பிடித்தால், ஓட்டுபவரின் முதுகுக்குத்தான் வரும். யூரியா மூட்டை 45 கிலோதான் என்றாலும், சிந்தினால் ஈரத்தை இழுத்துத் தகரத்தையும் வயரையும் அரித்துவிடும் என்பதால் அடியில் கனமான தார்ப்பாய் வேண்டும். பூச்சிமருந்தை அரிசியோடும் ஆட்களோடும் ஒரே அடைப்புக்குள் கொண்டுபோகவே கூடாது, எவ்வளவு அவசரமானாலும்.

வாடகைக்கு ஏற்றுவாயா என்று சிலர் கேட்டார்கள். மாட்டேன். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து உள்ள வண்டி சொந்தப் பயன்பாட்டுக்கானது. வாடகை வண்டி என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்தும் உரிய அனுமதியும் வேண்டும். அதற்கும் மேலாக, எங்கள் ஊரில் நான்கு குடும்பங்கள் குட்டி யானை ஓட்டித்தான் பிழைக்கின்றன. ஒரு டன் நெல் போக வேண்டிய நாளில் நான் அவர்களைத்தான் அழைக்கிறேன். ஆண்டில் அப்படிப்பட்ட நாட்கள் ஐந்தாறு. அந்த ஐந்தாறு நாளுக்காகப் பெரிய டீசல் வண்டியைக் கடனில் வாங்கி, மீதி நாளெல்லாம் ஒற்றை ஆளாக அதில் கும்பகோணம் போய்வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. நமக்குத் தேவைப்படும் தூரம் பெரும்பாலும் 40 கிலோமீட்டர், பாரம் பெரும்பாலும் 200 கிலோ. அதற்குச் சின்ன மின்சார கார் போதும்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஓட்டு வீட்டில் அது இல்லாததால் சார்ஜர் வேலை செய்ய மறுத்துவிட்டது. குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் கம்பி இறக்கிய பிறகுதான் சார்ஜ் ஏறியது. பம்புசெட்டுக்கு வரும் இலவச மின்சாரத்தில் காருக்குச் சார்ஜ் ஏற்றுவது முறையற்றது, அது உழவுக்கு என்று கொடுத்தது. உழவர் சந்தைகளில் இரண்டிரண்டு சார்ஜ் முனைகள் வைத்தால், காலையில் காய் இறக்கிவிட்டு விற்கும் நேரத்தில் வண்டியும் ஏறிக்கொள்ளும் என்பது என் வேண்டுகோள்.

கார் செய்பவர்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. பின்னிருக்கையை மடக்கினால் தரை சமமாக வர வேண்டும். இப்போது மடக்கிய இருக்கைக்கும் பெட்டித் தரைக்கும் நடுவே ஒரு படி நிற்கிறது. மூட்டை அதில் சாய்ந்து ஒரே இடத்தில் அழுத்துகிறது. எங்கள் ஊர்த் தச்சர் ஒட்டுப்பலகையில் கால் வைத்து ஒரு மேடை செய்து கொடுத்தார், இரண்டு துண்டாகக் கழற்றித் தூக்கி வைக்கும்படி. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் யாருக்காவது அதன் அளவு வேண்டுமானால் கேளுங்கள், அளந்து தருகிறேன்.