பகலில் ஒருமுறை பார்த்தால் போதுமா?
வாடகைக்கு வீடு தேடுவது பற்றிய இந்தக் கட்டுரை, ஒற்றைப் படுக்கையறை வீட்டைப் பகலில் ஒருமுறை பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கலாம் என்று சொல்வது சரியில்லை. பலதரப்பட்ட மக்கள் வாழும் தெருவில் கடை, உணவகம், வழிபாட்டிடம் ஒவ்வொன்றுக்கும் சந்தடி நேரம் வேறு. இரவு 10 மணிக்கு மேல் ஒருதடவையாவது படுக்கையறை ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள். சமையலறைக் குழாயையும் ஷவரையும் ஒன்றாகத் திறந்து, கூடவே ஃபிளஷ் செய்தால் தண்ணீர் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். குளியலறையில் நாற்றம் அடித்தால் வீடே வேண்டாம் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். அவசரப்பட வேண்டாம். பூட்டிக் கிடந்த வீட்டில் தரை வடிகாலின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிப்போகும், சாக்கடைக் காற்று நேரே மேலே வரும். இரண்டு குவளை தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் நாற்றம் போகவில்லை என்றால் குழாய் இணைப்பில் கோளாறு இருக்கலாம். எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டு, அதன் கிரில்லில் ஒரு டிஷ்யூ காகிதத்தை வையுங்கள். ஒட்டிக்கொள்ளாமல் விழுந்தால் காற்றுப்பாதை அடைத்திருக்கிறது, அல்லது விசிறி வெறும் சத்தத்துக்குத்தான். வெளிச்சுவரின் ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால், ஈரக்கசிவை மறைத்திருக்கிறார்களா என்று வாய்விட்டே கேளுங்கள். 150 சென்டிமீட்டர் அகலக் கட்டில் போட்டு இருபுறமும் நடக்க, அறை அகலம் குறைந்தது 270 வேண்டும். சாவி வாங்கும் அன்றே மின், தண்ணீர் மீட்டர் அளவுகளையும் சுவர்க் கீறல்களையும் படமெடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், தேதி அதிலேயே பதிவாகிவிடும்.